அம்மன் கவருக்குள் ஜங்கிள்

என் மனைவி லக்சிகா இறந்த பிறகு வீட்டில் நான் பாட்டுப் போடவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு மாலை போட்டேன். விசேஷக் காரணம் இல்லை. வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றினேன். பாரிஸின் கார் து நோர் நிலையத்துக்குள் நுழையும் ரயில்களின் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. வேறு ஏதாவது சத்தம் வேண்டும் போலிருந்தது.

அவள் அலமாரியில் ஒரு தட்டு முழுக்கத் தொகுப்பு ஆல்பங்கள். ரேவ், அதிலிருந்து வந்த ஜங்கிள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கைவிட்ட கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் கூட்டம் கூட்டமாக ஆடுவதற்கென்று செய்த இசை. அப்போது லக்சிகா பிறந்திருக்கவில்லை. லண்டனில் இருக்கும் அவளுடைய மச்சாள் அனுஜா பழைய சாமான் சந்தைகளில் தேடி வாங்கி அனுப்பியவை.

“இவங்கள் எல்லாம் ஒரே ஒரு பாட்டுச் செய்த ஆக்கள்” என்பாள் லக்சிகா. “அறைக்குள்ளை இருந்து ஒண்டு செய்தது, ஆரோ அடிச்சு வித்தது, பிறகு ஆளைக் காணேல்லை. இந்தத் தொகுப்பு இல்லாட்டில் அவங்கள் இருந்ததே ஒருத்தருக்கும் தெரியாது.”

எனக்கு அந்த இசை முதலில் பிடிக்கவில்லை. நான் திருச்சிக்காரன். பொறியியல் படிக்க வந்து பாரிஸில் தங்கிவிட்டவன். ஆடத் தெரியாது. டிரம்ஸ் தலைதெறிக்க ஓடும். எங்கே கால் வைப்பது என்று புரியாது. திருமணத்துக்கு முன்பு ஒருநாள் சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். “டிரம்ஸோடை ஓடாதையும். கீழை பேஸ் எண்டு ஒரு கனத்த சத்தம் இருக்கெல்லே, அது ஆறுதலாப் போகும். அதோடை நடவும்.”

ஆறுதலா என்றால் அவர்களுடைய இலங்கைத் தமிழில் மெதுவாக. என் தமிழில் அது வேறு. அதை அவளிடம் சொன்னேன். “ரெண்டும் ஒண்டுதான்” என்றாள். பேஸோடு நடந்தேன். சரியாக வந்தது.

அந்த மாலை நான் எடுத்தது நான்காம் தொகுப்பு. ஆரஞ்சு நிறக் கவர், அதில் ஒரு கிடங்கின் படம். அவளுக்கு மிகவும் பிடித்தது. சீடியை வைத்து அழுத்தினேன். ஹார்மோனியம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல் ‘தாயே’ என்று இழுத்தது.

நிறுத்தி வெளியே எடுத்துப் பார்த்தேன். சீடியின் மேல் ‘அம்மன் பாடல்கள்’ என்று அச்சடித்திருந்தது.

புரிந்துவிட்டது. பாரிஸுக்கு வெளியே திரான்சியில் அவள் பள்ளியில் படித்த காலத்தில் வீட்டில் சாமிப் பாட்டுக்கு மட்டும்தான் அனுமதி. அவர்கள் சொல்லும் சோதினை, அதாவது பள்ளி இறுதித் தேர்வு வருடம் வேறு. அதனால் ஜங்கிள் சீடியை அம்மன் கவருக்குள்ளும் அம்மன் சீடியை ஜங்கிள் கவருக்குள்ளும் மாற்றி வைத்தாள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, பக்கத்தில் அம்மன் படம் தெரியும்படி கவரை நிறுத்தி வைத்துக் கேட்பாளாம். ஒருநாள் பாட்டு நடுவில் அவள் அம்மா வந்து, ஒரு வார்த்தை பேசாமல், நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனாராம். “ஏனெண்டு இண்டைக்கும் விளங்கேல்லை” என்று சொல்லிச் சிரிப்பாள். சீடிகளை அவள் திரும்ப மாற்றி வைக்கவே இல்லை என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அப்படியென்றால் ஜங்கிள் இருப்பது அம்மன் கவருக்குள். அம்மன் கவர் இருப்பது என் மாமியாரிடம்.

இறுதிச் சடங்கு முடிந்த வாரம் அத்தை வந்து எங்கள் சமையலறையைச் சுத்தம் செய்து கொடுத்தார். அவர் பெயர் சாரதாதேவி. அடுப்புக்கு மேலே இருந்த தட்டில் அந்தக் கவரைப் பார்த்து எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

“பிள்ளை கோயில் பக்கம் வரமாட்டாள் எண்டு எனக்கு எவ்வளவு கவலை தெரியுமே தம்பி? சாமி கும்பிடாமலே போயிட்டாள் எண்டு ராவு ராவா யோசிச்சனான். பாருங்கோ, சமைக்கேக்கை அம்மன் பாட்டல்லோ கேட்டிருக்கிறாள்.”

நான் தலையாட்டினேன். அந்த வாரம் யார் என்ன சொன்னாலும் தலையாட்டினேன். லக்சிகா வேலையில் இருந்தபோது தலை வலிக்கிறது என்றாள். அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வலி, பசி எதுவும் சரியாகத் தெரியவில்லை. பல்லுக்கு மரத்துப்போக ஊசி போட்ட மாதிரி, ஆனால் உடம்பு முழுவதும்.

எங்கள் பக்கம் பதினாறாம் நாள் காரியம். இவர்களுக்கு முப்பத்தோராம் நாள். அன்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். இறந்தவரின் படம், வரலாறு, சில பாடல்கள், கடைசியில் நன்றி நவிலல். அத்தை அதோடு ஒரு சீடியும் கொடுக்க முடிவு செய்தார். ‘லக்சிகா விரும்பிக் கேட்ட அம்மன் பாடல்கள்.’ கவரோடு கொண்டுபோய் ரூ பெர்தொனே தெருவில் இருக்கும் றெமிஜியஸ் அண்ணனின் அச்சுக் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். இருநூறு பிரதி.

மகள் சாமி கும்பிட்டவள் என்பதற்கு அத்தையிடம் இருந்தது அந்த ஒரே சீடி. அதைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டார், தூங்கினார். என் ஒரு வார்த்தையில் அது போய்விடும். சொல்லாவிட்டால் இருநூறு குடும்பங்கள் சொல்லிவிடும்.

சனிக்கிழமை காலை ஜங்கிள் கவரைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தேன். மறுநாள் காரியம்.

றெமிஜியஸ் அண்ணனின் கடையில் கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், பாஸ்போர்ட் படம், பிறந்தநாள் பதாகை எல்லாம் நடக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் சின்ன மாதா சொரூபம். அதன் காலடியில் எங்கள் சீடிகள் இரண்டு பெட்டிகளில் அடுக்கி இருந்தன. எல்லாக் கவரிலும் அம்மன்.

“வாங்கோ தம்பி. எல்லாம் ரெடி. உங்கட நன்றி நவிலல் பக்கம் மட்டும்தான் வெறுமையாக் கிடக்கு. எழுதித் தாறன் எண்டனீங்கள். வழமையான வசனத்தைப் போடட்டோ?”

“போட்டுடுங்க அண்ணா. அண்ணா, ஒரு தப்பு நடந்துடுச்சு. அந்த சீடியில இருக்கிறது சாமிப் பாட்டு இல்ல.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கினார்.

“ஏன், கேட்டனான்தானே.”

“கேட்டீங்களா?”

“முதல் பிரதியை எப்பவும் போட்டுப் பார்ப்பன். தடதடவெண்டு அடிச்சுது. இப்ப எங்கட ஆக்கள் சாமிப் பாட்டுக்கும் டிஜே மிக்ஸ் போடினமெல்லே, அப்பிடியாக்கும் எண்டு நினைச்சன். நான் வேதக்காரன். உங்கட சாமியைப் பற்றி நான் வாய் திறக்கிறது சரியில்லை.”

“ஒரு தடவையாவது அம்மன் பேர் வந்துச்சா அண்ணா?”

“அதுதான் யோசிச்சனான். கடைசியிலை வருமாக்கும் எண்டு முழுக்கக் கேட்டன். வரேல்லை.”

பையிலிருந்து ஆரஞ்சு கவரை எடுத்து, விஷயத்தைச் சொன்னேன். அவர் கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஓல்ட் ஸ்கூல் எண்டு கிடக்கு. பழைய மாணவர் சங்கம் போட்டதோ?”

“இல்லண்ணா. பழைய பாணின்னு அர்த்தம்.”

“ம்.” கவரை மேசையில் வைத்தார். “ஒண்டும் யோசியாதையுங்கோ. இந்த நல்ல சீடியை வைச்சு இப்பவே திரும்ப அடிக்கிறன். பின்னேரத்துக்குள்ளை முடிஞ்சிடும். அக்காவுக்கு ஒரு சொல்லும் தெரியத் தேவையில்லை. மிச்சத்தை நான் குப்பையிலை போடுறன்.”

அவர் அதற்குக் காசு எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை, கடையில் இருவர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு நகல் இயந்திரத்தின் மூடியைத் திறந்தார். நன்றி சொன்னேன். வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை வந்தார். ஒரு கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பை. நாளைச் சமையலுக்கு மரக்கறி வாங்க திரான்சியிலிருந்து ரயிலில் வந்திருக்கிறார்.

“நீங்களும் இஞ்சையோ தம்பி? நல்லதாப் போச்சு.” பெட்டியிலிருந்து ஒரு சீடியை எடுத்தார். அம்மன் படத்தை விரலால் தடவினார். “றெமி தம்பி, ஒருக்காப் போட்டுக் காட்டுமன். பிள்ளை கேட்ட பாட்டை நான் இன்னும் கேக்கேல்லை. வீட்டிலை பிளேயர் பழுதாக் கிடக்கு.”

றெமிஜியஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் வலது கையில் உண்மையான அம்மன் சீடி இருந்தது. அதைப் போட்டால் போதும். எல்லாம் சுமுகமாக முடியும். அவர் அதைத்தான் செய்யப்போனார். பிளேயரின் தட்டு வெளியே வந்தது.

ஹார்மோனியமும் ‘தாயே’யும் எனக்கு நினைவு வந்தன. நாளை முதல் இருநூறு வீடுகளில் லக்சிகா அந்தக் குரலைக் கேட்டவளாக இருப்பாள். கண்ணை மூடி, கரண்டியோடு, அடுப்புக்கு முன்னால் ஆடியவள் எங்கேயும் இருக்கமாட்டாள். என்னிடம் மட்டும் இருப்பாள். என்னிடம் அப்போது ஒன்றும் தங்கவில்லை.

“அது இல்லண்ணா” என்றேன். “அத்தை கையில இருக்கிறதைப் போடுங்க.”

“தம்பி…”

“போடுங்கண்ணா. அத்தை, இது சாமிப் பாட்டு இல்ல. மாறிப்போச்சு. ஆனா அவ கேட்டது இதுதான்.”

அத்தைக்கு விளங்கவில்லை. றெமிஜியஸ் அண்ணன் அவர் கையிலிருந்த சீடியை வாங்கி வைத்து, மாதாவை ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்தினார்.

முதலில் காற்று மாதிரி நீளமான ஒரு ஓசை. தூரத்தில் ஒரு பெண் குரல், துண்டாக வெட்டிய ஒரே சொல். பிறகு டிரம்ஸ் இறங்கியது. கண்ணாடி அலமாரியில் இருந்த பிறந்தநாள் எண்கள் அதிர்ந்தன. காத்திருந்தவர்களில் ஒருவர், “என்னண்ணை, இஞ்சை டிஸ்கோவும் துவங்கியாச்சோ?” என்றார்.

நிறுத்தச் சொல்வார் என்று காத்திருந்தேன். அத்தை சொல்லவில்லை. பையைப் பிடித்தபடியே நின்றார்.

“இதையோ பிள்ளை கேட்டவள்?”

“ஆமா அத்தை.”

“எந்த நேரம்?”

“சமைக்கும்போது. துணி மடிக்கும்போது. எப்பவுமே.”

“பள்ளிக்கூடக் காலத்திலையும் இதுதானோ? அந்த ஹெட்ஃபோனிலை?”

“அப்பவும் இதுதான்.”

பையைக் கீழே வைத்தார். ஒரு முருங்கைக்காய் உருண்டு மேசைக்கு அடியில் போனது.

“அட கடவுளே” என்றார். “நான் அவளுக்குத் திருநீறெல்லோ பூசினனான்.”

“தெரியும் அத்தை. ஏன்னு அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியல.”

“ஏனெண்டோ? கண்ணை மூடிக்கொண்டு, தலையை இப்பிடி இப்பிடி ஆட்டிக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, முன்னாலை அம்மன் படம். நான் என்னத்தை நினைக்கிறது? உரு வந்திட்டுதெண்டு நினைச்சன். சாமி வந்த பிள்ளையோடை கதைக்கக் கூடாதெண்டுதான் ஒண்டும் கேளாமல் பூசிப்போட்டு வந்தனான்.” மூச்சு விட்டுக்கொண்டார். “ஐயரிட்டையும் போய்க் கேட்டன். பிள்ளையிலை அம்மன்ரை கலை இருக்கு, சோதினைக்கு முதல் ஒரு அபிஷேகம் செய்யுங்கோ எண்டார். செய்தும் போட்டன்!”

“சோதினை பாஸோ அக்கா?” என்றார் றெமிஜியஸ் அண்ணன்.

“பாஸ்தான். மோன்சியோன் எண்டு சிறப்புத் தரமும் குடுத்தவங்கள்.”

“அப்ப என்ன, அபிஷேகம் பலிச்சிருக்கு.”

யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நான்தான். அத்தை என்னைப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு. லக்சிகா பத்து வருடத்துக்கும் மேலாக ஒரு பாதியை வைத்திருந்தாள். மறுபாதி அத்தையிடம் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் கேட்கவே இல்லை. இப்போது முழுக் கதையும் என்னிடம் இருக்கிறது. அது எனக்குக் கிடைத்திருக்கவேண்டிய பொருளே இல்லை. கிடைத்தது.

“அப்ப அந்த அம்மன் பாட்டு? எறிஞ்சு போட்டாளோ?” சிரிப்பு நின்றிருந்தது.

ஆரஞ்சு கவரைக் காட்டினேன். “இதுக்குள்ள பத்திரமா இருந்துச்சு அத்தை. வீடு மாறினப்போ எல்லாம் கூடவே வந்திருக்கு. தூக்கிப் போடல.”

றெமிஜியஸ் அண்ணன் தன்னிடமிருந்த அம்மன் சீடியை அவரிடம் கொடுத்தார். அத்தை அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“ஒரு கீறலும் இல்லை” என்றார். பிறகு, “கேட்டாத்தானே கீறல் விழும்” என்றார்.

அந்தச் சொல்லில் அவருக்கு வலித்தது தெரிந்தது. ஆனால் சீடியைக் கோட்டுக் கையால் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“தலையிடிக்குது தம்பி. இதிலை என்னத்தைக் கேக்கிறது?”

“டிரம்ஸைக் கேட்காதீங்க அத்தை. கீழ பேஸ் இருக்கு. அது ஆறுதலாப் போகும். அதைக் கேளுங்க. அவதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தா.”

அத்தை தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அவர் தலை மிக மெதுவாக, சரியான இடத்தில், ஒருமுறை அசைந்தது. இன்னொரு முறை.

“தம்பி, உங்கட கால்” என்றார் றெமிஜியஸ் அண்ணன்.

குனிந்து பார்த்தேன். என் வலது கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் அவர் நகல் இயந்திரத்தைக் காட்டினார். “அக்கா, இப்ப துவங்கினால் பின்னேரம் நல்ல சீடி தருவன்.”

“மாத்த வேண்டாம்.”

“ஆக்கள் ஏசுவினம்.”

“ஏசட்டும். பிள்ளை விரும்பிக் கேட்டதெண்டு எழுதிக் கிடக்கு. அது பொய்யில்லைத்தானே.”

“அப்ப கவரையாவது மாத்துவம். ஜங்கிள் எண்டு ஒரு சொல்லுப் போடட்டோ?”

அத்தை யோசித்தார். “வேண்டாம். அம்மன் இருக்கட்டும். பிள்ளை எப்பிடி வைச்சவளோ, அப்பிடியே போகட்டும்.”

மேசைக்கு அடியிலிருந்து முருங்கைக்காயை எடுத்துக் கொடுத்தேன். அத்தை பையைச் சரிசெய்துகொண்டு வெளியே போய் நின்றார். நான் றெமிஜியஸ் அண்ணனிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன்.

“என்னத்துக்கு?”

“நன்றி நவிலல். நானே எழுதித் தர்றேன்.”

ஆரஞ்சு கவருக்குள் ஒரு மடித்த காகிதம் உண்டு. பாட்டுகளின் பெயர்கள் கொஞ்சம்; அதன் பின்னால் மிகப் பொடி எழுத்தில் நன்றி. லக்சிகா அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். ஸ்பீக்கர்களை ஏற்ற வேன் கொடுத்தவனுக்கு. விடிகாலையில் எல்லோருக்கும் தேநீர் போட்ட பெண்ணுக்கு. தன் வயலில் ஆடியவர்களைப் பார்த்தும் பார்க்காமல் இருந்த விவசாயிக்கு. “பாருமன், பாட்டுச் செய்தவனுக்கு ஒரு வரி, தேத்தண்ணிக்கு மூண்டு வரி” என்பாள்.

‘நேரிலும் தொலைபேசியிலும் அனுதாபம் தெரிவித்த’ என்று தொடங்கும் வழக்கமான வசனத்தை நான் எழுதவில்லை. கீழ்வீட்டுக்காரர் தினமும் கதவருகே சூப் வைத்துவிட்டு மணி அடிக்காமல் போனார், அவரை எழுதினேன். லக்சிகாவின் அலுவலகத் தோழி ஆனைஸ், அவளுடைய கோட்டையும் நாற்காலியடியில் கிடந்த செருப்பையும் துடைத்துக் கொண்டுவந்து தந்ததை எழுதினேன். அத்தை அழுதுகொண்டு வீடு திரும்பிய ரயிலில் எழுந்து இடம் கொடுத்து, திரான்சி வரைக்கும் அவர் பக்கத்திலேயே நின்ற பெயர் தெரியாத பெண்ணை எழுதினேன். தன் சாமி இல்லாத சாமிப் பாட்டைக் கடைசிவரை மரியாதையோடு கேட்ட றெமிஜியஸ் அண்ணனை எழுதியபோது அவர், “உந்த வரியை எடுத்துவிடுங்கோ, சனம் சிரிக்கும்” என்றார். எடுக்கவில்லை. என் மனைவிக்குத் திருநீறு பூசியதற்காக அத்தைக்கு நன்றி என்று எழுதினேன். எனக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்ததற்காக லக்சிகாவுக்கு.

தாள் முடிந்துவிட்டது. எழுத இன்னும் இருந்தது. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

காரியம் நல்லபடி முடிந்தது. மண்டபத்தில் சாப்பாடு போதுமானதாக இருந்தது. வந்தவர்கள் கல்வெட்டையும் சீடியையும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தை வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் தானே கொடுத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

அடுத்த வாரம் நான் திரான்சிக்குப் போயிருந்தேன். புதிதாக வாங்கிய பிளேயரை அத்தைக்குப் பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினார். அழைத்தது சிவகாமசுந்தரி, அவருடைய கோயில் சிநேகிதி.

“சாரதா, குறை நினையாதை. இவர் காருக்குள்ளை பிள்ளையின்ரை சீடியைப் போட்டவர். அது பழுது போலை. தடதடவெண்டு அடிக்குதடி.”

அத்தை என்னைப் பார்த்தார். பிசைவதை நிறுத்தவில்லை.

“பழுதில்லை அக்கா. அது அப்பிடித்தான்.”

“அம்மன் பாட்டோ உது?”

“பிள்ளையின்ரை பாட்டு. தடதடவெண்டு அடிக்கிறதை விடுங்கோ. கீழை ஒரு சத்தம் ஆறுதலாப் போகும். அதைக் கேளுங்கோ.”